இருபது மாதப் பையனோடு வீட்டில் என்னதான் விளையாடுவது?

தம்பி, நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டது இப்படி. சென்னையில் மூன்றாவது மாடி ஃபிளாட், 20 மாதப் பையன், வாரத்தில் மூன்று நாள் உங்களுக்கு வீட்டிலிருந்தே வேலை, அந்த நாட்களில் மனைவி ஆபீஸ் போய்விடுகிறார். கூடை நிறையப் பொம்மை இருந்தும் எதிலும் அவன் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை. வீடியோ பார்த்து, அரை மணி நேரம் உட்கார்ந்து நீங்கள் சாயம் போட்டு வைத்த கலர் அரிசித் தட்டை ஒரே தட்டில் கவிழ்த்துவிட்டு, மூலையில் இருந்த துடைப்பத்தை எடுக்கப் போய்விட்டான். மொபைலைக் கொடுக்க மனசு வரவில்லை. அப்படியென்றால் என்னதான் செய்வது?

அந்தத் துடைப்பம்தான் பதில். அவனே சொல்லிவிட்டான், நீங்கள்தான் கவனிக்கவில்லை. கும்பகோணத்தில் ஒரு மழலையர் பள்ளியில் பதினோரு வருடம் ஆகச் சின்ன வகுப்பைப் பார்த்துக்கொண்டவள் நான், இப்போது வீட்டில் பேத்தியைப் பார்த்துக்கொள்கிறேன், அவளுக்கு இரண்டே கால் வயது. இத்தனை பிள்ளைகளில் பெரியவர்கள் கையில் இருக்கும் வேலையைவிடப் பொம்மைதான் பெரிது என்று நினைத்த பிள்ளை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. நீங்கள் துணி மடித்தால் அதுதான் அவனுக்கு வேண்டும், வெங்காயம் எடுத்தால் அந்த வெங்காயம்தான் வேண்டும். அதனால் விளையாட்டு என்று தனியாக ஒன்றை உருவாக்க மெனக்கெடாமல், நீங்கள் எப்படியும் செய்யப்போகிற வேலையில் ஒரு ஓரத்தை அவனுக்குக் கொடுத்துப் பாருங்கள். நான் வைத்திருக்கும் கணக்கு ஒன்றுதான்: ஏற்பாடு செய்ய ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும் எதையும் செய்யக்கூடாது. அரை மணி நேரம் பாடுபட்டால் அவன் கவிழ்க்கும்போது நமக்குக் கோபம் வரும், அந்தக் கோபம் அவனுக்குப் புரியாது. கவிழ்ப்பதுதானே அவன் விளையாட்டு.

பொம்மைக் கூடையை முதலில் குறையுங்கள். அமெரிக்காவில் டொலிடோ பல்கலைக்கழகத்தில் 2018-இல் வெளியிட்ட ஒரு ஆய்வு உண்டு: ஒன்றரை வயதிலிருந்து இரண்டரை வயது வரையுள்ள 36 பிள்ளைகளை ஒருமுறை 4 பொம்மையோடும் இன்னொரு முறை 16 பொம்மையோடும் விளையாட விட்டுப் பார்த்தார்கள். நாலு இருந்தபோதுதான் ஒவ்வொன்றோடும் அதிக நேரம் இருந்தன, ஒரே பொம்மையைப் பலவிதமாக விளையாடின. உங்கள் கூடையில் எப்படியும் ஐம்பது இருக்கும், பிறந்தநாளுக்கு வந்தது மட்டுமே பாதி. ஐந்தாறை வெளியில் வைத்துவிட்டு மிச்சத்தை ஒரு சாக்கில் கட்டிப் பரண் மேல் போடுங்கள், பத்து நாள் கழித்து இதை ஏற்றி அதை இறக்குங்கள். புதுசு வாங்கி வந்த மாதிரி ஓடி வருவான், காசும் மிச்சம்.

அப்புறம் இந்த வயதில் அவன் உடம்பு எதைத் தேடுகிறது என்று பார்க்க வேண்டும். கொட்டுவது, நிரப்புவது, இழுப்பது, தட்டுவது, ஏறுவது, ஒளிவது. ஏறக்குறைய இவ்வளவுதான். இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு இல்லை, பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் பத்துப் பருவமாகப் பிரித்து வைத்ததில் பாதி இதுதான். கை கொட்டுவது சப்பாணி, நிலாவைக் கூப்பிடுவது அம்புலி, ஆண்பிள்ளைக்குக் கடைசி மூன்று சிற்றில், சிறுபறை, சிறுதேர், அதாவது மணல்வீடு, சின்ன மேளம், இழுக்கிற வண்டி. மணலுக்கு மட்டும் மூன்றாவது மாடியில் வழியில்லை, மற்றதெல்லாம் உங்கள் வீட்டில் இருக்கிறது.

நான் முதலில் சொல்வது தண்ணீர். பாத்ரூம் தரையில் அவனை உட்கார வைத்து ஒரு அகலப் பாத்திரத்தில் விரற்கடை அளவு தண்ணீர், ஒரு டம்ளர், ஒரு டவரா, டீ வடிகட்டி, முடிந்தால் எண்ணெய் ஊற்றும் புனல், போதும். என் பேத்தி டம்ளரில் மொண்டு டவராவில் ஊற்றுவாள், டவராவிலிருந்து வடிகட்டியில் ஊற்றுவாள், அது கீழே போய்விடும், குனிந்து வடிகட்டியின் அடியைப் பார்ப்பாள், மறுபடி ஊற்றுவாள். தண்ணீர் எங்கே போனது என்று அவளுக்கு ஒவ்வொரு முறையும் சந்தேகம். நான் எண்ணியதில் ஒருநாள் முப்பதைத் தாண்டியது, நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு, பக்கத்தில் மிக்சி ஓடியதுகூடத் தெரியாமல். இரண்டு நிமிடம் நிற்க மாட்டான் என்கிறீர்களே, இதில் வைத்துப் பாருங்கள். ஆனால் ஒன்று, தண்ணீர் இருக்கும் இடத்தில் அரை நிமிடம்கூட விட்டுவிட்டுப் போகக்கூடாது. இந்த வயதில் தலை கனம், வாளிக்குள் குப்புற விழுந்தால் தானாக எழ வராது, இரண்டு அங்குலத் தண்ணீரே ஆபத்து. காலிங் பெல் அடித்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போங்கள், பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுப் போங்கள். விளையாடாத நேரத்திலும் வாளியில் தண்ணீர் பிடித்து வைக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். கார்ப்பரேஷன் தண்ணீர் வரும் நேரம் கணக்குப் பார்க்கிற வீடு என்றால் பாத்ரூமுக்கு வெளியில் தாழ்ப்பாள் போடுங்கள்.

இதிலேயே இன்னொன்று, தண்ணீர் ஓவியம். பெயிண்ட் அடிக்கிற இரண்டு அங்குல பிரஷ் ஒன்று புதிதாக ஹார்டுவேர் கடையில் வாங்கி, ஒரு கிண்ணத்தில் தண்ணீரோடு கொடுத்து மொட்டைமாடிக்கோ பால்கனிக்கோ கூட்டிப்போங்கள். சிமெண்டுத் தரையிலும் சுவரிலும் பூசுவான், கருப்பாகத் தெரியும், வெயிலில் காய்ந்து மறையும், மறுபடி பூசுவான். கலர் இல்லை, கறை இல்லை, துடைக்கிற வேலையும் இல்லை. காலை எட்டு மணிக்குள் அல்லது ஐந்து மணிக்கு மேல் போங்கள், சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தரை பிஞ்சுக் காலைச் சுட்டுவிடும்.

அடுப்படிக்கு வருவோம். அடுப்புப் பக்கம் வேண்டாம், தரையில் ஒரு பேப்பர் விரித்து உட்காருங்கள். கறிவேப்பிலையை ஈர்க்கிலிருந்து உருவக் கொடுங்கள். ஒவ்வொரு இலையாகக் கிள்ளுவான், கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து வேலை செய்யும், நாளைக்கு பென்சில் பிடிக்கப்போகிற விரல்கள் அவை. முருங்கைக்கீரையும் அப்படித்தான், பாதி தரையில் போகும், போகட்டும். இட்லித் தட்டைக் கொடுத்துக் குழிக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைக்கச் சொல்லுங்கள், எண்ணும் பழக்கம் அதிலிருந்தே தொடங்கும். சப்பாத்திக்கு மாவு பிசைந்தால் ஒரு உருண்டை அவனுக்கு. கடையில் விற்கும் கலர் களிமண்ணுக்கு இது ஒன்றும் குறைச்சல் இல்லை, பச்சை மாவை மட்டும் வாயில் போட விடாதீர்கள், மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை அல்லது பீட்ரூட் சாறு கொஞ்சம் விட்டுப் பிசைந்தால் கலரும் வந்துவிடும். வீட்டிலேயே களிமண் மாதிரி செய்கிறேன் என்று மைதாவில் அரை கப் உப்பு கொட்டிச் செய்கிறார்கள், கெடாமல் இருக்குமாம். தின்கிற வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு உப்பு வேண்டாம், தினம் புது மாவு எடுத்தால் என்ன குறைந்துவிடும்.

வாழைப்பூ வாங்கும் நாள் எங்கள் வீட்டில் திருவிழா. மேல் மடலைப் பாதி பிரித்து விட்டுவிடுவேன், மிச்சத்தை அவள் இரண்டு கையாலும் பிடித்து இழுப்பாள், சட்டென்று விடுபட்டுப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிடுவாள். உள்ளே வரிசையாகப் படுத்திருக்கும் பூக்களைப் பார்த்து "பாப்பா தூங்குது" என்று ஒருநாள் அவளாகவே சொன்னாள். அன்றிலிருந்து ஒவ்வொரு மடலையும் மெதுவாகத்தான் பிரிக்கிறோம், பாப்பா எழுந்துவிடுமாம். நான் பூவின் நடுவில் இருக்கும் வேகாத நரம்பை, அதாவது கள்ளனை, எடுத்து மோர்த்தண்ணீரில் நறுக்கிப்போடுவதற்குள் அந்தச் செம்மடலெல்லாம் அவளுக்குப் படகு, அகலப் பாத்திரத் தண்ணீரில் மிதக்கும், உள்ளே ஒரு கறிவேப்பிலை பயணி. பழைய சட்டை போட்டுவிடுங்கள், வாழைக்கறை துவைத்தால் போகாது. உங்கள் கையிலும் அவன் கையிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டால் பிசுபிசுப்பு இருக்காது.

கலர் விஷயத்தை ரொம்ப நீட்ட வேண்டியதில்லை. தடித்த கிரேயான் இரண்டு, பழைய நியூஸ்பேப்பர் போதும். வெண்டைக்காய்க் காம்பை வெட்டி பீட்ரூட் சாற்றில் தொட்டு ஒற்றினால் பூ விழும், ஐந்தாறு பூ விழுந்ததும் வெண்டைக்காயைக் கடிப்பான், அத்தோடு அன்றைய ஓவியம் முடிந்தது.

இனி கொஞ்சம் பயமுறுத்துகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், தட்டில் புளியங்கொட்டையைப் பரப்பிக் கிண்ணத்தில் எடுத்துப் போடுகிற விளையாட்டு வைத்தேன். அழகாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மறுநாள் ஒரு பிள்ளையின் அம்மா, ஒரு மூக்கில் மட்டும் சளி ஒழுகுகிறது, நாற்றம் வேறு அடிக்கிறது என்றார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உடைந்த புளியங்கொட்டைத் துண்டை வெளியே எடுத்தார். ஈரத்தில் ஊறி உப்பியிருந்தது. நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன், எப்போது போட்டுக்கொண்டது என்று எனக்குத் தெரியாது. அது மூக்கு என்பதால் தப்பித்தோம், மூச்சுக்குழலில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன். அதனால் மூன்று வயது முடியும்வரை கொட்டை, பயறு, ராஜ்மா, நிலக்கடலை, மணி, சோழி, பல்லாங்குழி முத்து எதுவும் விளையாட்டுக்கு வேண்டாம். வீடியோவில் வரும் பளபள ஜெல்லி உருண்டை இருக்கிறதே, தண்ணீரில் போட்டால் ஊதுமே, அதை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள், வயிற்றுக்குள் போனாலும் அது ஊதும். சின்னப் பொருள் என்று சோதிக்கப் பொம்மைக் கம்பெனிகள் வைத்திருக்கும் குழாயின் அகலம் சுமார் 32 மில்லிமீட்டர். உங்கள் வீட்டில் டாய்லெட் பேப்பர் சுற்றி வரும் அட்டைக்குழல் இருந்தால் அதில் போட்டுப் பாருங்கள், அது இன்னும் கொஞ்சம் அகலம், உள்ளே நுழைகிற பொருள் அவன் கைக்கு ஆகாது. ரிமோட், பாட்டுப் பாடும் பொம்மை, வாழ்த்து அட்டை எல்லாவற்றிலும் இருக்கும் பட்டன் பேட்டரி இன்னும் மோசம், விழுங்கினால் உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்தில் அரித்துவிடக் கூடியது. மூடியில் ஸ்க்ரூ இல்லாத பொம்மை என்றால் தூக்கிப் போடுங்கள்.

சரி, வண்டிக்கு வருவோம். ஆன்லைனில் சாமான் வந்த அட்டைப்பெட்டியை உடைக்காதீர்கள். ஒரு பக்கம் ஓட்டை போட்டு ஒரு அடிக் கயிறு கட்டுங்கள், அதற்கு மேல் நீளம் வேண்டாம், கழுத்தில் சுற்றும். உள்ளே நாலு உருளைக்கிழங்கு. சமையலறையிலிருந்து ஹாலுக்குக் கிழங்கு வண்டி போகும், ஹாலில் நீங்கள் வாங்கிக்கொண்டு வெங்காயம் ஏற்றி அனுப்ப வேண்டும். என் மருமகன் இதற்கு ரசீதுகூடக் கிழித்துக் கொடுப்பார். பெட்டி பெரிதாக இருந்தால் அவனையே உள்ளே உட்கார வைத்து நீங்கள் தள்ளுங்கள், பெட்ஷீட்டில் உட்கார வைத்து டைல்ஸ் தரையில் இழுப்பதும் அதே சந்தோஷம், உங்களுக்கு உடற்பயிற்சி. மரத்தில் செய்த மூன்று சக்கர நடைவண்டி கோயில் கடைத்தெருவில் கிடைத்தால் வாங்குங்கள், நடக்கத் தெரிந்த பிள்ளையும் அதில் பாரம் ஏற்றித் தள்ளும். உட்கார வைத்து உருட்டுகிற வாக்கர் யாராவது பரிசாகக் கொண்டுவந்தால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், படிக்கட்டில் உருண்டு விழுந்த விபத்துகளால் கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது.

சிறுபறைக்கு எவர்சில்வர் டப்பாவும் மரக்கரண்டியும் போதும். கீழ் வீட்டுக்காரர் நினைவு இருந்தால் டப்பாவுக்கு அடியில் துண்டு மடித்துப் போடுங்கள், இல்லாவிட்டால் சுத்தமாகச் சுரண்டிய இரண்டு கொட்டாங்குச்சியைக் கொடுங்கள், ஒன்றோடொன்று தட்டினால் குதிரை ஓடும். நீங்கள் மெதுவாகத் தட்டுங்கள், அவன் பார்ப்பான், வேகமாகத் தட்டுங்கள், சிரிப்பான், சட்டென்று நிறுத்துங்கள். அந்த நிறுத்தத்துக்காகவே காத்திருக்கத் தொடங்குவான். காத்திருப்பதை இதைவிடச் சுலபமாகச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியவில்லை.

மழை நாளில் வெளியே போகாத பிள்ளை சோபாவிலிருந்து குதிக்கத்தான் செய்யும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் கொடுத்த வழிகாட்டுதலில் ஒன்று முதல் இரண்டு வயதுப் பிள்ளைக்கு நாளில் மொத்தம் 180 நிமிடமாவது உடல் அசைவு வேண்டும் என்கிறது. மூன்று மணி நேரம்! அதனால் குதிக்காதே என்பதைவிட, தலையணை எல்லாவற்றையும் தரையில் மலையாகக் குவித்து ஏறி இறங்கச் சொல்வது இரண்டு பேருக்கும் நல்லது. சாப்பாட்டு மேசை மேல் பழைய புடவையைத் தொங்கவிட்டால் கீழே குகை. தரையில் பேப்பர் டேப்பை வளைத்து வளைத்து ஒட்டினால் அது ரோடு, கோட்டின் மேலேயே நடக்க வேண்டும். இரண்டு நாளில் டேப்பை உரித்துவிடுங்கள், விட்டால் பசை தரையோடு ஒட்டிக்கொள்ளும். உரிக்கிற வேலையையும் அவனிடமே கொடுக்கலாம்.

நீங்களே ஓய்ந்துபோகிற நேரத்துக்கு மடி விளையாட்டு. உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாகச் சோறு கொடுத்து, நண்டூருது நரியூருது என்று கை வழியே ஏறிக் கக்கத்தில் கிச்சுக்கிச்சு மூட்டுவது உங்கள் அம்மா உங்களுக்குச் செய்தது தானே. ஒரு பொருளும் வேண்டாம், படுத்துக்கொண்டே செய்யலாம். கல்யாண ஆல்பத்தை எடுத்து "தாத்தா எங்கே, அத்தை எங்கே" என்று கேட்டால் அரை மணி ஓடும், கெட்டி அட்டை என்பதால் கிழியவும் கிழியாது.

மொபைல் பற்றி. அதே 2019 வழிகாட்டுதல் இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் நல்லது என்கிறது. ஊரிலிருக்கும் பாட்டியோடு வீடியோ கால் பேசுவதை நான் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை, பாட்டி பதில் பேசுகிறாரே. காய்ச்சல் நாளில் பத்து நிமிடம் ஏதோ காட்டிவிட்டீர்கள் என்றால் அதற்காகக் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டாம். சோறு ஊட்டுவதற்கு மட்டும் பழக்காதீர்கள், அதிலிருந்து மீட்பது பெரும்பாடு.

உங்கள் பதினோரு மணி மீட்டிங்குக்கு ஒரு தந்திரம். வேறு எப்போதும் வெளியே வராத ஒரு டப்பா வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே பழைய கால்குலேட்டர் (பேட்டரியைக் கழற்றிவிட்டு), மூடி திருகும் பெரிய பிளாஸ்டிக் பாட்டில், இரண்டு மூன்று கைக்குட்டை, பழைய பர்ஸ், அதில் காலாவதியான கார்டுகள். மீட்டிங் தொடங்கும்போது உங்கள் காலடியில் திறந்து வையுங்கள், முடிந்ததும் அலமாரிக்குள். இருபது நிமிடம் தாங்கும். ஒரு மணி நேர மீட்டிங்குக்கு எந்த டப்பாவும் தாங்காது தம்பி, அதற்கு அத்தையோ பக்கத்து வீட்டு அக்காவோ ஒரு ஆள் வேண்டும். வேலையையும் இந்த வயதுப் பிள்ளையையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் முழுசாகப் பார்க்க முடியாது, முடிகிறது என்று யாராவது சொன்னால் அவர்கள் வீட்டில் இன்னொருவர் இருக்கிறார் என்று அர்த்தம்.

சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரைதான் உண்மையில் கஷ்டம், பசியும் தூக்கமும் சேர்ந்து எதற்கெடுத்தாலும் அழுவான். அந்த நேரத்தில் புதிதாக எதையும் ஆரம்பிக்காதீர்கள். சீக்கிரமே குளிக்க வைத்துவிட்டு, அம்மா வருகிற நேரத்துக்கு இரண்டு பேரும் பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். இந்த வயதில் ஒளியத் தெரியாது, தன் கண்ணை மூடிக்கொண்டால் தான் மறைந்துவிட்டதாக நினைப்பான். சாவி திருகும் சத்தம் கேட்டதும் அவனே "அம்மா" என்று கத்திக் காட்டிக்கொடுத்துவிடுவான். அவர் மட்டும் பையைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளையைக் காணோமே என்று செருப்பு ஸ்டாண்டுக்குள் எல்லாம் தேட வேண்டும். அதை முன்கூட்டியே போனில் சொல்லி வையுங்கள்.